ஆத்துல இன்னைக்கு என்ன கலருங்க?

ஐரோப்பாவில் வரப்போகிற கோடைக்கு எந்த நிறம் எடுபடும் என்று பாரிஸிலும் மிலானிலும் பெரிய மூளைகள் உட்கார்ந்து முடிவு செய்து, அதைப் பத்திரிகைகள் அட்டையில் போட்டு, கடைக்காரர்கள் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்கு மாட்டிவிடுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே, திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ரகசியம் தெரிந்திருந்தது. காலையில் டீக்கடை பெஞ்சில் ஒருவர், மழை மாரி விசாரிக்கிற அதே குரலில், "ஆத்துல இன்னைக்கு என்ன கலருங்க?" என்பார். "நேத்து ராத்திரி ஊதாங்க, விடியக்காத்தால செவப்புக்கு மாறிடுச்சுங்க" என்று பதில் வரும். யாருக்கும் அதில் ஆச்சரியம் கிடையாது. ஒரு வருஷம் தை தொடங்கிச் சித்திரை வரைக்கும் கருநீலமாகவே ஓடியது. அடுத்த வருஷம் ரோஸ். "வெள்ளைக்காரனுக்கு இந்த வருசம் பச்சை புடிக்கிலியாட்ட இருக்குது" என்று வெற்றிலையை மென்றபடி என் மாமா சொன்ன தீர்ப்பை எந்த எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசரும் மறுத்திருக்க முடியாது.

அழுவதற்குப் பாய் விரிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஏன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எண்பதுகளில் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்த நான், தாமிரபரணிக்காரனும் காவிரிக்காரனும் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு தத்தம் ஆற்றைப் பற்றி அளந்துவிடும்போது, "உங்க ஆறெல்லாம் வருசம் பூரா ஒரே கலர்தானப்பா" என்று ஒரே வரியில் அவர்களை மடக்கியவன். என் உடம்பில் அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் போட்ட டீ சர்ட் இருக்கும். எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், காதர்பேட்டையில் எடை போட்டு வாங்கியது, கழுத்துப் பட்டியில் தையல் கோணல். இருபது வயதில் அந்தக் கோணல் கண்ணில் படாது. பல்கலைக்கழகத்தின் பெயர்தான் படும்.

நொய்யல் பெரிய ஆறு இல்லை. வெள்ளியங்கிரி மலையில் இறங்கி, பேரூரைத் தொட்டுக்கொண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகக் கரூர் மாவட்டத்தில் தன் பெயரே கொண்ட ஊரில் காவிரியோடு சேர்வதற்குள் சுமார் 180 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பேரூர்ப் புராணம் அதைக் காஞ்சிமாநதி என்று கொண்டாடுகிறது; எங்கள் பக்கம் வெறும் 'ஆறு'. மலையில் மழை விழுந்தால், அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டிவைத்த அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர், சூலூர் என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்ட பிறகு, மிச்சம் மீதிதான் கிழக்கே எங்களுக்கு வரும். வருஷத்தில் பாதிநாள் மணல்தான் ஆறு. ஆனால் அது என்ன மணல்! பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பையை நாணல் புதரில் எறிந்துவிட்டு முழங்கை ஆழத்துக்குத் தோண்டுவோம். முதலில் ஈரம் தட்டும், அப்புறம் கலங்கல் வரும். அதைத் தேங்காய்த் தொட்டியால் இரண்டு மூன்று தரம் இறைத்து வெளியே கொட்டிவிட்டு, கையை வைக்காமல், மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு பார்த்திருந்தால், அடியில் மணல் துகள்கள் துள்ளத் துள்ள ஊற்றுக்கண் திறந்து, தொட்டியின் நரம்பு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்து நிற்கும். மண்டிபோட்டுக் குனிந்து குடிக்கும்போது மூக்கு நனையும். அந்த ருசியை விவரிக்கச் சொன்னால் முடியாது, ஏனென்றால் அதற்கு ருசியே கிடையாது. இன்றைக்கு அந்த ருசியின்மையைத்தான் இருபது லிட்டர் கேனில் அடைத்து மாடிக்குத் தூக்கிவந்து தருகிறார்கள்.

பொற்காலம் பாட நான் வரவில்லை. அந்த மணலிலும் எல்லோரும் எல்லா இடத்திலும் தோண்டிவிட முடியாது. மேல்மணல் சில தெருவுக்கு, கீழ்மணல் சில தெருவுக்கு. கீழ்த்தெருப் பையன் தெரியாமல் மேலே வந்து கைவைத்தால் பெரியவர்கள் ஊற்றைத் தூர்த்துவிட்டு வேறு தோண்டுவதை நானே பார்த்திருக்கிறேன். பிற்பாடு சாயத்தண்ணீர் வந்துதான் அந்த வித்தியாசத்தை ஒழித்தது. எல்லாத் தெருவுக்கும் ஒரே கலர். தவிர, மழை பொய்த்த வருஷங்களில் கம்பங்கூழுக்கே தகராறு. கவலை ஓட்டி இறைத்துக் கையெல்லாம் காய்த்துப்போன என் அப்பாருக்கு, பேரன் இந்த மண்ணை விட்டுக் கிளம்பி விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் ஒரே வேண்டுதல். சாமி அதைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஊர் மொத்தமும் விசிறிக்குக் கீழே போய்விட்டது.

அப்போது திருப்பூர் என்றால் பனியன், பனியன் என்றால் வெள்ளை. நொய்யல் தண்ணீரில் சலவை செய்தால்தான் அந்த வெள்ளை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீரின் பெருமையைத் துணியில் பார்த்த காலம். எழுபதுகளின் கடைசியில் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வந்து வெள்ளை டீ சர்ட் கேட்டார், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று திருப்பூரில் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். வெள்ளை கேட்டவர்கள் பிறகு கலர் கேட்டார்கள். கலர் என்றால் சாயப்பட்டறை. சாயப்பட்டறை என்றால் தண்ணீரும் உப்பும். தண்ணீர் சங்கதி எல்லோருக்கும் தெரியும், உப்பு சங்கதிதான் எங்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. லாரி லாரியாக உப்பு மூட்டை வந்து இறங்குவதைப் பார்த்து, இத்தனை பேருக்கு யார் ஊறுகாய் போடுகிறார்கள் என்று என் அம்மாயி கேட்டாள். விஷயம் இதுதான்: பருத்தி நூலில் சாயம் தானாகப் போய் ஒட்டாது, தண்ணீரிலேயே மிதந்துகொண்டு அழிச்சாட்டியம் பண்ணும். அதை நூலுக்குள் விரட்டுவதற்கு உப்பைக் கரைக்க வேண்டும், அதுவும் படிக் கணக்கில் இல்லை, மூட்டைக் கணக்கில். வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதியைத் துணி எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு போட்டபடி, ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தையும் காஸ்டிக் சோடாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சாக்கடைக்கு வரும், சாக்கடை ஓடைக்கு வரும், ஓடை எங்களுக்கு வரும். கலரை நாங்கள் கண்ணால் பார்த்தோம், அதைப் பற்றிப் பேசினோம், மனு எழுதினோம். சில மைல் ஓடினால், வெயில் பட்டால், கலர் வெளுத்துவிடும். உப்புக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை.

கடலைப் பார்க்காமலே செத்துப்போகப் போகிறோமே என்று அப்பாருக்கு ஒரு குறை உண்டு. ராமேஸ்வரம் போக இரண்டு தரம் மூட்டை கட்டி இரண்டு தரமும் மாடு ஈன்றுவிட்டது. கடைசியில், அவருடைய எண்பதாவது வயதில், அவர் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கடல் தண்ணீர் அவர் கிணற்றுக்கே வந்து சேர்ந்தது.

என் மாமா அந்த நாடகத்தில் இரட்டை வேடம் கட்டியவர். அவர் தோட்டம் ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் இருந்தது. கிணறு வற்றாத கிணறு. பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிற்று, ஆகவே லாரிகள் கிராமத்துக்கு வந்தன. "பருத்தி போட்டா மானத்தைப் பாக்கோணும், தண்ணி வித்தா மீட்டரைப் பாத்தாப் போதும்" என்று மாமா பாசனத்தை நிறுத்திவிட்டு மோட்டாரை லாரிக்குத் திருப்பினார். ராத்திரி பகலாக டீசல் வாசம், டிரைவர்களுக்கு டீ, அத்தைக்கு வளையல். அந்த லாரிகளில் மேற்கே போன தண்ணீர், பட்டறையில் குளித்து, கலர் பூசிக்கொண்டு, ஆற்றுவழியாக வாடகை இல்லாமல் கிழக்கே திரும்பி வந்தது. இது ஒரு சுற்று. சில வருஷத்தில் அத்தை வளையலை விற்றுக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். கிணறு ஆழமாயிற்று, உப்பும் கூடவே ஆழமாயிற்று.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் முந்தி, பள்ளிக்கூடத்தில் 'இயந்திரங்களால் விளையும் நன்மைகள்' என்ற கட்டுரைப் போட்டியில், ஆலைப்புகையே நாட்டின் முன்னேற்றக் கொடி என்று எழுதி எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தேன். எழுதிய பையனை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் கோபம் வரமாட்டேன் என்கிறது. பருத்திக்குப் பாலிடால் அடிக்கிறவருக்குப் பின்னால் வாடையைப் பிடித்துக்கொண்டே ஓடியவன், பஸ் கிளம்பும்போது புகைக்குழாய்ப் பக்கம் போய் நின்று பெட்ரோல் டீசல் என்று வாசத்தை வைத்துப் பந்தயம் கட்டியவன், ஊருக்கு முதன்முதலில் வந்த பாலிதீன் கவரைத் தூக்கியெறிய மனமில்லாமல் கழுவி, கொடியில் காயப்போட்டு, தலையணைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டவன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கவர் காய்ந்திருக்கும், மறைக்காதீர்கள். கல்யாண வீட்டு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகச் சொன்னால் பெயரும் தேதியும் தெரியாதபடி உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்ட தலைமுறை நாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று விழா எடுத்தது. இப்போது பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம் நிற்கிறது. இயந்திரங்களால் விளையும் நன்மைகளில் இதை நான் சேர்க்க விட்டுவிட்டேன்.

தண்ணீர் கெட்டுப்போனதை எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தது ஒரு மாடு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் வந்தது, கழிவு நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்று வரம்பும் வந்தது; அப்பாருவின் மயிலைப் பசு இது எதையும் படித்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல் ஆற்றில் இறங்கியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, மூக்கு தண்ணீரில் படுவதற்கு ஒரு சாண் இருக்கையில் நிறுத்திக்கொண்டது. புஸ் என்று ஒரு மூச்சு. தண்ணீரில் சின்னதாக ஒரு வட்டம் விரிந்தது. மறுபடி ஒரு மூச்சு. அப்புறம் தலையைத் தூக்கி அப்பாருவைப் பார்த்துவிட்டு, வந்த வழியே கரை ஏறிவிட்டது. அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார், அதட்டினார், தானே ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "மாடு சொல்றது செரிதாஞ் சாமி" என்றார் என்னிடம். ஆய்வறிக்கை அவ்வளவுதான். மாதிரி எடுத்து, பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து அனுப்பியவர்கள் அதே முடிவுக்கு வந்துசேர்வதற்குள் அந்த மயிலைக்குப் பேத்தி பிறந்துவிட்டது.

மாட்டுக்கு அடுத்து மீன். கெண்டையும் அயிரையும் எப்போது போயின என்று யாரும் கவனிக்கவில்லை. விரால் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது. கலங்கிய சாயத்தில் வெயில் உள்ளே இறங்காது, வெயில் இறங்காவிட்டால் பாசி வளராது, பாசி இல்லாவிட்டால் தண்ணீரில் பிராணவாயு குறையும். மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். நாங்கள் அதைப் பார்த்து, இன்றைக்கு மீன் ஏகமாக இருக்கிறது என்று துண்டை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். கடைசிவரை நின்றது ஜிலேபிக் கெண்டை, அது ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு, 1952-இல் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த விருந்தாளி, எந்தச் சாக்கடையிலும் சம்சாரம் நடத்தக்கூடியது. அதுவும் ஒரு மழைக்காலத்தில், மேலே தேக்கிவைத்த கழிவை முதல் வெள்ளத்தோடு யாரோ திறந்துவிட்ட இரவில், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மீன் போனதும் மீன்கொத்தி போயிற்று. தவளைச் சத்தம் நின்றதை நான் விடுமுறைக்கு வந்த ஓர் இரவில்தான் உணர்ந்தேன். தூக்கம் நன்றாக வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன் வேறு.

பயிர்களில் வாழையும் மஞ்சளும் முதலில் விடைபெற்றன. உப்பு செய்கிற அக்கிரமத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: வேருக்கு வெளியே உப்பு மிகுந்துவிட்டால் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஈரத்தில் காலை வைத்துக்கொண்டே தாகத்தில் காயும். மண்ணும் மாறிவிடும். மழையில் பிசுபிசுத்து, வெயிலில் பாளம் பாளமாக இறுகி, ஏர்முனை இறங்க மறுக்கும். தென்னை பொறுமைசாலி, குரும்பையை உதிர்த்து, காயைச் சிறுக்கவைத்து, பத்து வருஷம் சமாளித்தது. விருந்தாளிக்கு வெட்டிக் கொடுத்த இளநீர் கரித்ததைப் பார்த்து அம்மாயி வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள், தன் சமையலில் உப்பு கூடிப்போனதுபோல. கிணற்று மேட்டில் சாய்ந்து நின்ற அந்தத் தென்னைகளில்தான் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். இடுப்பில் சுரைப்புருடை கட்டி நான் நீச்சல் பழகிய கிணறு அது. சித்தப்பா பின்னால் வந்து நைசாக முடிச்சை அவிழ்த்துவிட, புருடை ஒருபக்கமும் நான் ஒருபக்கமும் போய், தண்ணீர் குடித்து, நீச்சல் வந்துவிட்டது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்தில் மாதக் கட்டணம் கட்டுகிறோம். அதில் குளோரின் போடுகிறார்கள், பிளீச்சிங் வாசம் அடிக்கிறது, எனக்கு மட்டும் ஊர் ஞாபகம் வருகிறது.

ஒரத்துப்பாளையம் அணையைச் சொல்லாமல் இந்தக் கதையில் நகைச்சுவை நிறைவு பெறாது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே, கரூர்ச் சீமை வரை பாசனம் செய்யலாம் என்று திட்டம் போட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்குப் போனவர்கள் பூரித்துப்போய் வந்தார்கள். சில வருஷத்திலேயே மேலேயிருந்து வந்த சாயக்கழிவு மொத்தமும் அங்கே தங்கி, அணை ஒரு பெரிய சாயத்தொட்டியாகிவிட்டது; கசிந்து கசிந்து சுற்றியுள்ள கிணறுகளையும் கெடுத்தது. அணை இருந்தால் திறந்துவிடு என்று விவசாயி போராடுவான். எங்கள் விவசாயிகள் தண்ணீரைத் தேக்காதே என்று கோர்ட்டுக்குப் போனார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று பாசனக்காரர்களே கெஞ்சிய விசித்திரம் வேறு எங்காவது உண்டா? அந்த மதகின்மேல் நின்று நான் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம், அதனால் தண்ணீர் அழகாக இருக்கிறது.

கோர்ட் விவகாரத்தில் எங்களுக்கு மூத்தது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து முடிக்க அடுத்த ஜூலை வரை கெடு வைத்து, அதுவரை வெளியேற்றுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு பைசா, பிறகு எட்டு, பிறகு பத்து என்று அபராதம் போட்டது. ஆறு பைசா! இருபது ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே ஆமோதித்தது, கெடுக்களும் தாண்டின, கடைசியில் 2011 ஜனவரி 28-ஆம் தேதி, திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச்சொல்லி உத்தரவு வந்தது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சை அப்படியே எழுதினால் போதும், பொருளாதாரப் புத்தகம் தேவையில்லை. "கடவுளுக்குக் கண்ணு இருக்குது" என்றார் அப்பா. "எனக்கு வேலை இல்லீங் தாத்தா" என்றான் அக்கா மகன். பட்டறையில் லேப் டிப் பார்க்கிறவன், அதாவது வெள்ளைக்காரன் கேட்ட நிறமும் சாயத்தில் முக்கிய துண்டும் ஒத்துப்போகிறதா என்று விளக்கடியில் பார்த்துச் சொல்கிற வேலை. அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எப்பத் தொறப்பாங்களாமா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் வஞ்சனை இல்லை. ஆறும் எங்களுடையது, பேரனும் எங்களுடையவன். இன்று என் மகள் பொறியியல் படித்ததற்கும், அக்கா வீடு கான்கிரீட் ஆனதற்கும், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பவர்டேபிளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்கும் இந்தக் கலர்தான் காரணம் என்பதை மறைத்துவிட்டு நான் ஆற்றுக்காக ஒப்பாரி வைத்தால், மயிலைப் பசு மறுபடியும் புஸ் என்று மூச்சுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

பட்டறைகள் பிறகு திறந்தன. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவைச் சவ்வுகளுக்குள் அழுத்தி வடிக்கிறார்கள், மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள், தண்ணீரையும் உப்பில் ஒரு பகுதியையும் மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். இது பெரிய காரியம்தான், நக்கலடிக்க மாட்டேன். நாட்டில் வேறெந்த ஊரும் இவ்வளவு பெரிய அளவில் துணிந்து செய்ததில்லை. என்ன, கொதிக்கவைக்க விறகு எரிகிறது, புகை வருகிறது; பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஆற்றில் ஓடினது இப்போது உட்கார்ந்திருக்கிறது. செலவு தாங்காத சிலர் ஊரைவிட்டு ஈரோடு, குமாரபாளையம் பக்கம் பட்டறை போட்டார்கள். அங்கே காவிரி இருக்கிறது. போன பொங்கலுக்கு அக்கா மகன் எனக்கு ஒரு பனியன் கொடுத்தான். இயற்கைப் பருத்தி, 'தண்ணீரைக் காப்போம்' என்று நெஞ்சில் ஆங்கிலத்தில் அச்சடித்தது, கருநீலம். தையல் கோணல் இல்லை.

சந்தோஷப்படவும் விஷயம் இருக்கிறது. ஊத்துக்குளி ரோட்டில் நல்லாற்றின் குறுக்கே உள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து அங்கே இறங்குகிறது. ஒருநாள் விடியற்காலையில் பைனாகுலரோடு போய்ப் பார்த்தேன். குளத்துக்கு வருகிற தண்ணீரில் ஊர்ச் சாக்கடைக்கும் பங்கு உண்டு. வாத்து மூக்கைச் சுளிக்கவில்லை.

ஆற்றைப் பொறுத்தவரை கலர் அநேகமாகப் போய்விட்டது, நுரை வந்திருக்கிறது. 2017 செப்டம்பரில் நொய்யலில் நுரை மலைமலையாக எழும்பியபோது, கோவை மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதுதான் காரணம் என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் விளக்கம் சொன்னார். அதே வருஷம் ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மகோல் போர்த்தியதையும் பார்த்தவர்கள் என்பதால் தமிழர்கள் அதிகம் அதிரவில்லை. யோசித்துப் பார்த்தால் அமைச்சர் சொன்னதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. ஒரு மாநகரத்தின் சாக்கடை பெருமளவில் நொய்யலில்தான் இறங்குகிறது, அதில் சோப்பும் உண்டுதான். மீதி முக்கால்பங்கு, மழை கொட்டுகிற நடுராத்திரியில் குளிக்கிறது.

ஆகவே இந்த ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் திருப்பூர்ப் பக்கம் வந்தால், முதல் வெள்ளம் இறங்குகிற நாளில் பாலத்தின்மேல் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். நுரையோ கலரோ கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதோடு விட்டுவிடாமல், எந்தப் பாலம், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன கலர் என்று ஒரு தாளில் எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். பகலில் எடுத்த மாதிரியில் ஒன்றும் சிக்காது, தயவுசெய்து ராத்திரி நேரத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.